நான் பெரிதுபடுத்துகிறேனா?

கேள்வி:

எனக்கு 36 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். கணவரும் வேலைக்குப் போகிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. என் கணவர் நல்லவர். என்னை அடித்ததில்லை, சம்பளத்தைப் பிடுங்கியதில்லை, வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. அதனால் இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கூட்டத்தில் நான் ஒன்றைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆண் ஊழியர் ஒருவர் அதையே சொன்னால் நல்ல யோசனை என்கிறார்கள். கூட்டக் குறிப்பெடுக்க, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் வசூலிக்க என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வெளியூர்ப் பயணம் உள்ள ஒரு திட்டத்தை, "உங்களுக்குக் குழந்தைகள் இருக்காங்க, சிரமப்பட வேண்டாம்" என்று என்னைக் கேட்காமலேயே மேலதிகாரி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அக்கறையாகத்தான் சொன்னார். வீட்டுக் கடன் என் பெயரில் இருக்கிறது. ஆனால் நான் கேட்கும் கேள்விக்கு வங்கி அதிகாரி என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். உறவினர்கள் கூடியிருந்தபோது கணவரின் பெரியப்பா என்னைக் காட்டி, "பெண் புத்தி பின்புத்தி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்மேலேயே கோபம்.

கணவரிடம் சொன்னால், "நீ எல்லாத்தையும் பெருசா எடுத்துக்கறே. வேலைன்னு சொன்னா நான் செய்ய மாட்டேனா?" என்கிறார். உண்மைதான், சொன்னால் செய்வார். ஆனால் சொல்வதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. போன வாரம் வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது, யோசிக்காமல் மகளைத்தான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மகன் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தான். அதைக் கவனித்ததிலிருந்து மனது சரியில்லை.

நான் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேனா? ஒவ்வொன்றுக்கும் சண்டை போட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் தொடக்கத்தில் இருப்பதெல்லாம் உங்கள் கணவர் செய்யாதவை. அடிக்கவில்லை, பிடுங்கவில்லை, தடுக்கவில்லை. ஆலோசனைக்கு வரும் பெண்களில் பலர் இப்படித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு குறையைச் சொல்லும் முன், அதைச் சொல்லத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்று தன்னையே விசாரித்துவிட்டு வருகிறார்கள். இவ்வளவு கொடுமை நடந்தால்தான் வருத்தப்படலாம் என்று யாரோ ஓர் அளவு வைத்திருப்பதாகவும், அந்த அளவை நீங்கள் இன்னும் எட்டவில்லை என்றும் நினைக்கிறீர்கள். அப்படி ஓர் அளவு கிடையாது. நீங்கள் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. அதனால் உங்கள் நேரம் போயிருக்கிறது, தூக்கம் போயிருக்கிறது, ஒரு வேலை வாய்ப்பும் போயிருக்கிறது. வருத்தப்பட இது போதும்.

சின்ன விஷயம் என்று நீங்கள் சொல்வது உலக அளவில் ஒப்பந்தம் போடும் அளவுக்குப் பெரிய விஷயம். பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றது. அதன் 5ஆவது பிரிவு பேசுவது அன்றாட வழக்கங்களைப் பற்றித்தான். ஒரு பாலினம் உயர்வு, மற்றது தாழ்வு என்ற எண்ணத்திலும், ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்று வகுத்துவைத்த பங்குகளிலும் வேர்விட்ட பழக்கவழக்கங்களை மாற்ற அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் கூட்ட அறையில் குறிப்பேடு யார் கைக்கு வருகிறது என்பதும் அந்தப் பழக்கவழக்கங்களில் ஒன்றுதான்.

அப்படியானால் உங்கள் கணவர் கண்ணுக்கு இது ஏன் தெரியவில்லை? சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயின் கீழே ஒரு வாளி இருக்கிறது. அவர் எப்போது வந்து பார்த்தாலும் ஒரு சொட்டுதான் விழுகிறது. ஒரு சொட்டுக்கா வாளி வழியும் என்று கேட்கிறார். காலையிலிருந்து விழுந்த சொட்டுகள் அவருக்குத் தெரியாது. 2001ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஸ்விம்மும் அவருடைய குழுவினரும், கல்லூரி மாணவர்களைத் தங்களுக்கு அன்றாடம் நடப்பதை நாட்குறிப்பாக எழுதச் சொன்னார்கள். மனதைத் தைக்கிற அளவுக்கு, பெண் என்பதாலேயே நடந்த சம்பவங்கள் மாணவிகளுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு இருந்தன. வாரத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு ஐம்பதைத் தாண்டும். உங்களுக்கு வயது 36.

இந்தச் சம்பவங்களைவிட உங்களை அதிகம் களைப்பாக்குவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒவ்வொன்று நடக்கும்போதும் நீங்கள் மனதுக்குள் ஒரு விசாரணை நடத்துகிறீர்கள். வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா? நான் ஆணாக இருந்தால் இப்படி நடந்திருக்குமா? இப்போது கேட்டால் என்ன நினைப்பார்கள்? கேட்காவிட்டால் நாளைக்கும் நடக்குமே? பத்து நொடிக்குள் இவ்வளவும் ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு இந்தச் செலவு இல்லை. அவர் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அதனால் முதலில் கேட்டுக்கொள்கிறேன், மற்றவர்களின் நோக்கத்தை விசாரிப்பதை நிறுத்துங்கள். அது உங்களால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமும் இல்லை, பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. கெட்ட எண்ணம் இருந்தால்தான் பாகுபாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நல்ல மனிதர்கள் பழக்கத்தின் வேகத்தில் செய்வதுதான் இதில் அதிகம். நோக்கத்தை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இது திரும்பத் திரும்ப யாருக்கு நடக்கிறது? இதனால் யாருடைய நேரம், யாருடைய வாய்ப்பு போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல யாருடைய மனதையும் படிக்க வேண்டாம்.

இப்போது அந்த இரவைப் பற்றிப் பேசுகிறேன். கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது பெரியப்பா சொன்னதல்ல, நீங்கள் உங்கள்மேல் கோபப்பட்டது.

ஜூலி வுட்சிக்கா, மேரியான் லாஃப்ரான்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்கான நேர்காணலில் ஆண் ஒருவர் உங்களிடம் பாலியல் தொனியில் மூன்று கேள்விகள் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று இளம்பெண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள், ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல மறுப்போம் என்றார்கள். அப்புறம், நிஜமான நேர்காணல் என்று நம்பி வந்த வேறு 50 பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வைத்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. கற்பனை செய்தவர்கள் கோபம் வரும் என்று சொன்னார்கள். நேரில் உட்கார்ந்தவர்கள் அதிகம் சொன்னது பயத்தைப் பற்றி.

இதைப் படித்துவிட்டு அந்த 50 பேரையும் கோழைகள் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். வேலை கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் எதிரில் இருந்தார், விஷயம் எதிர்பாராமல் வந்தது, யோசிக்க நேரமில்லை. உங்களுக்கும் அதேதான். வயதில் பெரியவர், சுற்றிலும் கணவர் வீட்டார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த நொடியில் உங்கள் மனம் கணக்குப் போட்டு, சிரித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தது. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. படுக்கையில் புரண்டுகொண்டே யோசிக்கிற பெண்ணுக்கு எல்லாப் பதிலும் தெரியும், ஏனென்றால் அவளுக்கு எதிரில் யாரும் இல்லை. அவளை வைத்து மாலையில் இருந்தவளைத் திட்டாதீர்கள்.

கணவரைப் பற்றி வருகிறேன். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

சொன்னால் செய்ய மாட்டேனா என்கிறார். அவர் மனதார அப்படி நம்புகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேலை சொல்லும் நிலைக்கு வருவதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பையனின் காலணி சின்னதாகிவிட்டது என்று ஒருவர் கவனிக்க வேண்டும். அடுத்த வாரம் பள்ளியில் விளையாட்டு விழா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும். எப்போது கடைக்குப் போகலாம் என்று மற்ற வேலைகளுக்கு நடுவே இடம் பார்க்க வேண்டும். அப்புறம்தான், "ஷூ வாங்கிட்டு வாங்க" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வருகிறது. அவர் போகிறார், வாங்குகிறார், வேலை முடிந்தது என்று உட்காருகிறார். அளவு சரியாக இருக்கிறதா, பழையதை என்ன செய்வது என்று பார்ப்பதும் நீங்கள்தான். அவர் பார்த்தது ஒரு மணிநேர வேலை. அதன் முன்னும் பின்னும் ஓடியது உங்கள் தலைக்குள் ஓடியதால் அவர் கண்ணில் படவில்லை.

சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் இதைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். 35 தம்பதிகளிடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, வீட்டு வேலையில் மனதால் செய்யும் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவை வருவதை முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. இதில் முடிவெடுப்பதில் கணவர்களும் ஏறக்குறைய சமமாகக் கலந்துகொண்டார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும்தான் அதிகமாக மனைவிகள் தலையில் இருந்தன. அதிகாரம் இருக்கிற பகுதி பொதுவாகிவிட்டது, ஓய்வைக் கெடுக்கிற பகுதி ஒருவரிடமே தங்கிவிட்டது. உங்கள் கணவரும், "நாங்க எல்லாத்தையும் பேசித்தான் முடிவெடுக்கிறோம்" என்று சொல்லக்கூடியவர் என்று தோன்றுகிறது. அது பொய்யாகவும் இருக்காது.

இது மனதால் செய்யும் வேலை மட்டும். உடலால் செய்யும் வேலையைச் சேர்த்தால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல், அதாவது 76.2 சதவீதத்தைப் பெண்கள் செய்கிறார்கள். சராசரியாகப் பெண்கள் ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். உங்கள் கணவரை இந்த எண்களால் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் "எங்க வீட்டுல அப்படி இல்லை" என்று அவர் சொன்னால், ஒரு வாரத்துக்கு இருவரும் தனித்தனியாக எழுதிப் பார்க்கலாம் என்று கேளுங்கள். செய்ததோடு, நினைவில் வைத்திருந்ததையும் எழுத வேண்டும். அந்த இரண்டாவது பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பல கணவர்கள் முதல்முறையாகப் பேசாமல் இருக்கிறார்கள்.

அவரிடம் எப்படிக் கேட்பது? சண்டைக்கு நடுவில் வேண்டாம், இருவருக்கும் வேலையில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். இந்த மாதிரிச் சொல்லலாம்: "நீங்க செய்யறதில்லைன்னு நான் சொல்லலை. ஒவ்வொண்ணையும் ஞாபகம் வெச்சு உங்ககிட்ட சொல்றது என் வேலையா இருக்கு. அந்த ஞாபகத்தை நீங்க எடுத்துக்கணும்." அதன்பின் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள். ஒரு பொறுப்பை அடியோடு கொடுங்கள். உதாரணமாக, பிள்ளைகளின் பள்ளி சம்பந்தப்பட்ட எல்லாம் அவருடையது. பள்ளியிலிருந்து வரும் செய்தியை அவர்தான் படிக்க வேண்டும், கட்டணத் தேதி அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், ஆசிரியரைப் பார்க்கப் போவதும், காலணி சின்னதாகிவிட்டதைக் கவனிப்பதும் அவர்தான். பள்ளியின் தொடர்பு எண்ணாக அவர் எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் உங்களுக்கே வந்து சேரும்.

கொடுத்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கஷ்டமானது: நினைவுபடுத்தக் கூடாது. அவர் ஒரு தேதியைத் தவறவிடுவார். பிள்ளை ஒரு நாள் எதையோ எடுத்துப்போக மறந்து, கைவீசிக்கொண்டு பள்ளிக்குப் போவாள். நீங்கள் இடையில் புகுந்து காப்பாற்றினால் அந்தப் பொறுப்பு அன்றே உங்களிடம் திரும்பிவிடும். அதோடு, உங்கள் பாணியில்தான் செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளின் உடல்நலம், பாதுகாப்பு தவிர மற்றதில் அவர் வழி அவருக்கு. முதல் சில மாதங்கள் வீடு கொஞ்சம் தாறுமாறாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்து உங்களைத்தான் குறை சொல்வார்கள், அவரை அல்ல. அந்த அநியாயத்தையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். யாராவது கேட்டால், "அது என் பொறுப்பு" என்று அவர் வாயால் சொல்லட்டும்.

அடுத்து அலுவலகம். நீங்கள் எழுதியதில் மற்றவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது அந்த வெளியூர்த் திட்டம். மேலதிகாரி அக்கறையாகத்தான் சொன்னார் என்று அவருக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள். ஆனால் கூட்டக் குறிப்பு உங்கள் நேரத்தைத்தான் எடுக்கிறது. இது உங்கள் பதவி உயர்வை எடுக்கக்கூடியது.

பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரு உளவியலாளர்கள் 1996இல் இதைத் தெளிவாக்கினார்கள். பெண்ணை வெளிப்படையாக மட்டம் தட்டுவது ஒரு வகை. பெண் மென்மையானவள், அவளைக் காப்பாற்ற வேண்டும், சிரமப்படுத்தக் கூடாது என்று அன்போடு ஒதுக்கிவைப்பது இன்னொரு வகை. பிறகு 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், முதல் வகை மனப்பான்மை அதிகமுள்ள நாடுகளில் இரண்டாவதும் அதிகமாக இருந்தது. அன்பானது என்பதால் அது பாதிக்காது என்றும் இல்லை. பெல்ஜியத்தில் பெனுவா டார்டென் குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனைகளில், முரட்டுத்தனமாக இழிவாகப் பேசப்பட்ட பெண்களைவிட, கனிவான குரலில் குறைவாக மதிப்பிடப்பட்ட பெண்கள்தான் தேர்வில் மோசமாகச் செய்தார்கள். முரடாகப் பேசினால் அது அவன் குறை என்று தள்ளிவிடலாம். கனிவாகச் சொன்னால், ஒருவேளை நமக்குத்தான் முடியாதோ என்ற எண்ணம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதனால் இதை விட்டுவிடாதீர்கள். மேலதிகாரியைத் தனியாகச் சந்தித்து, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லுங்கள்: "என்னைப் பற்றி யோசித்ததற்கு நன்றி. போக முடியுமா முடியாதா என்பதை நான் முடிவு செய்கிறேன். அடுத்த முறை எனக்குத்தான் முதலில் வாய்ப்புத் தர வேண்டும்." அதே நாள் அதை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவையுங்கள். உங்களுக்குப் பதில் போனவருக்கும் சின்னக் குழந்தைகள் இருந்தால், அந்த விவரத்தையும் நிதானமாகச் சொல்லலாம். வீட்டில் கணவரிடம் பொறுப்பைப் பிரித்துக்கொள்வதும் இதுவும் ஒன்றோடொன்று இணைந்தவை. நீங்கள் நாலு நாள் வெளியூர் போனால் வீடு நடக்கும் என்ற நிலை இருந்தால்தான் இந்த வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல முடியும்.

குறிப்பெடுப்பது, பணம் வசூலிப்பது போன்றவற்றுக்கு எளிய வழி உண்டு. லிண்டா பாப்காக் என்ற பொருளாதார அறிஞரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டிய, ஆனால் செய்பவருக்கு லாபம் குறைவான ஒரு வேலையைச் சிறு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்களும் பெண்கள் குழுக்களுக்கு இணையாக முன்வந்தார்கள். பெண்களுக்கு இயல்பாகவே பிடித்த வேலை என்ற பேச்சுக்கு இது நல்ல பதில். பெண் செய்வாள் என்று எல்லோரும், பெண்கள் உட்பட, எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கூட்டம் தொடங்கும்போதே, "இந்த வேலையைச் சுழற்சியில் வைத்துக்கொள்வோம், போன முறை நான், இன்று நீங்கள்" என்று பெயர் சொல்லிவிடுங்கள். மறுப்பது கடினம், முறை வைப்பது சுலபம்.

உங்கள் யோசனை அடுத்தவர் வாயில் போய் அங்கீகாரம் பெறுவதற்கு, தனியாக நின்று போராடுவதைவிடக் கூட்டாளி ஒருவரைப் பிடிப்பது பலன் தரும். அமெரிக்க அதிபர் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் இதைச் செய்தார்கள். ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், இன்னொரு பெண் அவர் பெயரைக் குறிப்பிட்டு அதைத் திரும்பச் சொல்வார். யாருடைய யோசனை என்பது அறையில் பதிந்துவிடும். உங்கள் அலுவலகத்திலும் நம்பிக்கையான ஒருவர் இருப்பார், ஆணாகவும் இருக்கலாம். பேசிவைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அவருக்கு அதைச் செய்யுங்கள்.

வங்கி அதிகாரிக்காக மனதைச் செலவழிக்காதீர்கள். கணவர், "கடன் அவங்க பேர்ல, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

பெரியப்பா விஷயத்திலும் முதலில் பேச வேண்டியவர் உங்கள் கணவர். இதில் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டும் பெண்ணைத் தொட்டாற்சிணுங்கி என்று தள்ளிவிடுவதும், அதையே ஆண் சொன்னால் கேட்டுக்கொள்வதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவதை பெஞ்சமின் டிரூரியும் ஷெரில் கைசரும் 2014இல் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். இது நியாயமில்லைதான். ஆனால் அப்படி ஒரு மதிப்பு அவருக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும்போது, உங்களுக்காக அவர் அதைப் பயன்படுத்தட்டும். "பெரியப்பா, இந்தப் பேச்சு வேண்டாம்" என்று அவர் சாதாரணக் குரலில் சொன்னால் போதும், சபை கலைந்துவிடாது. அவர் அங்கே இல்லாதபோது நீங்கள் செய்யக்கூடியது, சிரிக்காமல் இருப்பது. முகத்தில் கோபம் காட்ட வேண்டாம், பதிலும் தேட வேண்டாம். கொஞ்சம் தைரியம் வந்தால், "எனக்குப் புரியலை மாமா, என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பேச்சை விளக்கிச் சொல்ல யாருக்கும் பிடிக்காது.

ஒவ்வொன்றுக்கும் சண்டை போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் வாய்ப்பையோ ஓய்வையோ திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிற விஷயம், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயம், இவற்றுக்குப் பேசுங்கள். மற்றதை விடலாம். விட்டதற்காக மனம் உறுத்த வேண்டியதில்லை. நாளைக்கும் பேச உங்களுக்குத் தெம்பு வேண்டும்.

பிள்ளைகள் பற்றி. மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதைக் கவனித்துவிட்டீர்கள், அதுவே பெரிய விஷயம். உலகம் முழுக்க 5 முதல் 14 வயதுவரை உள்ள சிறுமிகள், அதே வயதுச் சிறுவர்களைவிட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று யுனிசெஃப் 2016இல் சொன்னது. எந்தத் தாயும் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை. கை போகிற பக்கம் கூப்பிடுகிறோம். இனி மகனையும் கூப்பிடுங்கள். 6 வயதுப் பையனால் தண்ணீர் கொண்டுவர முடியும், தன் துணியை மடிக்க முடியும். அவன் செய்யும்போது "அம்மாவுக்கு உதவி பண்றான்" என்று யாராவது மெச்சினால், அக்காவுக்குக் கிடைக்காத மெச்சல் அவனுக்கும் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.

இந்த வயது முக்கியமானது. லின் பியன், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்த்ரேய் சிம்பியன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 5 வயதில் பெண்குழந்தைகளும் ஆண்குழந்தைகளைப் போலவே தங்கள் பாலினத்தவரை மிகுந்த புத்திசாலிகளாக நினைத்தார்கள். 6, 7 வயதில் பெண்குழந்தைகளிடம் அந்த எண்ணம் குறைந்துவிட்டது. அந்த அறையில் பெரியப்பா பேசியபோது உங்கள் மகளும் இருந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அவளிடம் இப்போதும் பேசலாம். "அன்னிக்குத் தாத்தா சொன்னது தப்பு. எனக்குப் பிடிக்கலை. அப்போ சொல்ல முடியலை, இப்போ உன்கிட்ட சொல்றேன்." அவ்வளவு போதும். அம்மா சிரித்ததால் அது சரி என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். கனடாவில் அலிஸா கிராஃப்ட் குழுவினர் 7 முதல் 13 வயதுவரையுள்ள 326 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். அப்பா வீட்டு வேலையை உண்மையிலேயே பகிர்ந்துகொண்ட வீடுகளில், பெண்குழந்தைகள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொழில்களுக்கு வெளியேயும் தங்கள் எதிர்காலத்தைப் பார்த்தார்கள். சமத்துவம் பற்றி அப்பா என்ன பேசினார் என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், அவர் கையால் செய்ததன் தாக்கம் தனியாகத் தெரிந்தது. மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பாக்களிடம் நான் வேறு எந்த வாதத்தையும்விட இதைத்தான் முன்வைக்கிறேன்.

தூக்கமின்மை ஒரு நாளோடு நின்றுவிட்டதா, தொடர்கிறதா? இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் சரியாக வராவிட்டால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அலுவலகத்தில் யாராவது தொட்டாலோ, பாலியல் தொனியில் பேசினாலோ, நீங்கள் கேள்வி கேட்டதற்காக வேலையில் பழிவாங்கினாலோ, அது இந்தக் கடிதத்தின் எல்லையைத் தாண்டிய விஷயம். தேதி, நேரம், உடன் இருந்தவர்கள் என்று அன்றன்றே எழுதிவைத்து, உங்கள் நாட்டுச் சட்டப்படி புகார் கொடுங்கள்.

கணவரோடு பேசிப் பார்த்து, ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுத்து, மூன்று மாதம் போகட்டும். அப்போதும் எல்லாம் உங்களிடமே திரும்பி வந்தால், இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். அவருடைய சம்மதத்துக்காக இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டாம்.